சாக்கு நூல் கட்டிய கண்ணாடி

அப்பா ஆசையாக வைத்த பெயர் தெய்வசிகாமணி. அந்தப் பெயரை மைக்கில் சொன்னால் எவன் கேட்பான் என்று அவனே முடிவுகட்டி, தன்னைத் தேவா என்று சுருக்கிக்கொண்டான். சுருக்கியதில் ஒன்றும் தப்பில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் திரிகிறார்கள். ஆனால் தேவா பெயரோடு நிற்கிற ஆள் இல்லை. வீட்டைச் சுருக்குவான், வேலையைச் சுருக்குவான், ஆள் பார்க்கிற இடமென்றால் கூடப்பிறந்த அக்காவையே மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வான்.

மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் அவனுக்கு வேலை. போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, சார்ஜர் விற்பது, கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுப்பது. முப்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இது போதுமா என்று யாராவது கேட்டால், "டெம்பரவரியாதான் இருக்கேங்க" என்பான். காலேஜ் முடித்ததிலிருந்து டெம்பரவரியாகத்தான் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவன் வேறு ஆள். பைக்கை எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டுக்குப் போவான். அங்கே காலேஜில் கூடப் படித்த செந்தமிழ் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ரோஜாத் தோட்டம் வரைந்த திரைக்கு முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். ஒன்றில் செந்தமிழ், ஒன்றில் பிரம்மதேசத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் இலக்கியா, மூன்றாவதில் தேவா. இலக்கியாவும் அதே வகுப்புதான், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூவரும் சேர்ந்து நடத்தும் பாட்காஸ்ட்டின் பெயர் 'ஈ.சி.ஆர். முகமூடிகள்'. ஒரு ஞாயிறு பேசுவது அடுத்த ஞாயிறு காலையில் வெளியாகும்.

பேச்சு முழுக்கக் காமிக்ஸ்தான். மின்னல் மாறன் ஆகாயத்தில் அந்த வேகத்தில் பறக்கும்போது அவன் உடுப்பு ஏன் கிழிவதில்லை, கரும்புகை என்ற வில்லனுக்கே ஆஸ்துமா வந்தால் யாரிடம் போவான், ஜட்டியை வெளியே போடுகிற பழக்கத்தை எந்த டெய்லர் ஆரம்பித்து வைத்தான் என்று இதையெல்லாம் உயிர் போகிற பிரச்சினைபோல் விவாதிப்பார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளும், மலேசியாவிலிருந்து ஒருவரும் விடாமல் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ரொம்பப் பிடித்தது தேவாவைத்தான். செந்தமிழுக்குத் தகவல் தெரியும், இலக்கியாவுக்கு யோசிக்கத் தெரியும். தேவாவுக்கு வாய். எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசுவான், எதை வேண்டுமானாலும் சிரிப்பாக்குவான்.

நண்பர்களை அவன் ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. காலேஜில் முதல் வருஷமே "எங்க வீட்ல சால்ட் பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தான். உப்பளம் வைத்திருக்கும் குடும்பம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அளத்து முதலாளியும் பார்ப்பது உப்புதான், தேவாவின் அக்கா திரௌபதி பார்ப்பதும் உப்புதான். முதலாளி குடைக்கடியில் நின்று பார்ப்பார், திரௌபதி பாத்திக்குள் நின்று பார்ப்பாள். அவ்வளவுதானே வித்தியாசம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது திரௌபதி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தாள். தேவா அரைக்கால் டவுசர். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் அளத்தில் இறங்கினாள், அப்புறம் ஏறவே இல்லை. விடியும்போது போய் உச்சி வெயிலில் திரும்புவாள். புடவைமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, உப்பு அறுக்காமல் இருக்கக் காலில் பழைய சாக்ஸ், கண்ணில் ஒரு கருப்புக் கண்ணாடி. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலை வெறுங்கண்ணால் தாங்க முடியாது. அந்தக் கண்ணாடியின் ஒரு கால் எப்போதோ ஒடிந்துவிட்டதால், மூட்டை தைக்கிற சாக்கு நூலால் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். கண் முகாமில் கொடுத்த புதுக் கண்ணாடி டப்பாவோடு அலமாரியில் இருந்தது. அக்கா கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவே இல்லை என்று தேவா நினைத்துக்கொள்வான்.

அன்றைய ஞாயிறு ஸ்டுடியோவில் செந்தமிழ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான். "இன்னிக்கு டாபிக் ஆரிஜின் ஸ்டோரி. ஒரு சூப்பர் ஹீரோ எப்படி உருவானான்ற கதை. அதுவும் நம்ம ஏரியா ஹீரோ. ஆளுக்கு ஒண்ணு யோசிச்சிட்டு வரச் சொல்லி மெசேஜ் போட்டேன். தேவா, ரெடியா?"

"ரெடி ரெடி" என்றான் தேவா. அவன் மெசேஜைப் பார்க்கவே இல்லை.

செந்தமிழ் கொண்டுவந்த ஹீரோ பேனர் பாலு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரிலுள்ள எல்லா பேனரிலும் ஒரே நேரத்தில் நிற்கிற சக்தி படைத்தவன். இலக்கியாவின் ஹீரோ போர்வெல் பொன்னி. விரலைத் தரையில் ஊன்றினால் தண்ணீர் வரும், ஆனால் மும்முனை கரண்ட் இருக்கிற நேரத்தில்தான் வரும். இரண்டும் நன்றாக இருந்தன. அடுத்து தேவா முறை. மண்டையில் ஒன்றுமே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் ஹீரோ பேரு கூலிங் கிளாஸ் அக்கா."

பேர் வந்த உடனேயே இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு போதும் அவனுக்கு. "டிரெஸ் டிசைன் கேளுங்க. புடவை. அதுமேல யாரோ ஒரு ஆம்பளையோட முழுக்கைச் சட்டை. தலையில துண்டு. கால்ல சாக்ஸ், ஒண்ணு நீலம், ஒண்ணு சாம்பல். மூஞ்சில கூலிங் கிளாஸ். அதுல ஒரு பக்கம் ஒடைஞ்சு போய், மூட்டை தைக்கிற சாக்கு நூலால கட்டியிருக்கும்."

"பவர் இன்னா?" என்றான் செந்தமிழ்.

"ரிவர்ஸ் கியர். உப்பு வாருற பலகைய இழுத்துக்கிட்டு நாள் முழுக்கப் பின்னாடியே நடப்பா. எதிரி முன்னாடி வந்தா பின்னாடி போவா, பின்னாடி வந்தா மேல ஏத்திடுவா."

"வீக்னெஸ்?"

"மழை. ஒரு தூறல் போட்டா போதும், மொத்த பவரும் கரைஞ்சிடும்."

இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், ஆரிஜின் சொல்லுடா, அதானே டாபிக். அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று தேவாவுக்கு நன்றாகத் தெரியும். மாசி மகம். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்திருந்தன. மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். திரௌபதி அளத்துக்குப் போக ஆரம்பித்த முதல் வருஷம் அது. தினமும் சாயங்காலம் கண் கோவைப்பழமாகச் சிவந்து தண்ணீராய்க் கொட்டும், ஈரத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் உட்காருவாள். ராட்டினம் ஏறச் சொல்லி அவள் தம்பி கையில் காசு கொடுத்தாள். அவன் ராட்டினம்வரை போனான். அதற்குப் பக்கத்தில் ஒருவன் கழியில் கண்ணாடிகளைக் குத்தி விற்றுக்கொண்டிருந்தான். அந்தக் காசுக்கு அக்காவுக்கு ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். "ராட்டினம் ஏறலயாடா?" என்று கேட்டாள். "தல சுத்தும்கா" என்றான். அவள் அங்கேயே அதைப் போட்டுக்கொண்டு சாமி பார்த்தாள்.

இத்தனையும் நாக்குவரை வந்தது. சொன்னால் அது யார் அக்கா என்று சொல்ல வேண்டும். சால்ட் பிசினஸ் அவிழ்ந்து கீழே விழும். தேவா வேறு கதையை எடுத்துவிட்டான்.

"ஆரோவில்லுக்கு ஒரு வெள்ளைக்காரன் மொபெட்ல போறான். இரும்பை ஊருகிட்ட ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி தூக்கிப் போடுது. மூஞ்சில இருந்த கண்ணாடி பறந்து போய் ரோட்ல விழுது. வெளிநாட்டுக் கண்ணாடி, அதுல ஏதோ பவர் இருக்குது. நம்ம அக்கா பொறுக்கி மாட்டிக்குது. முடிஞ்சிச்சு, சூப்பர் ஹீரோ."

அவர்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் என்று அதைச் சொல்லக்கூடாது, வேறு பெயர்தான் வைக்க வேண்டும். "வில்லன் யாருன்னு கேக்கலயே. பொண்ணு பாக்க வர்றவங்கதான் வில்லன். அக்கா கண்ணாடியக் கழட்டிட்டு காபி எடுத்துட்டு வருது. மூஞ்சி பூரா வெயில்ல கருத்து, கண்ணச் சுத்தி மட்டும் ரெண்டு வட்டம் வெளுப்பா இருக்குது. மாப்பிள்ளையோட அம்மா கேக்குது." இங்கே குரலை மாற்றினான், வெற்றிலை குதப்புகிற வாய்போல. "ஏம்மா, பொண்ணுக்கு மூஞ்சி ரெண்டு கலர்ல இருக்குதே, போகப்போக ஒண்ணாயிடுமா?"

செந்தமிழ் நாற்காலிக் கையைத் தட்டிய தட்டில் மைக் சாய்ந்தது. அந்தக் கேள்வியைத் தேவா கற்பனை செய்யவில்லை. கதவுக்குப் பின்னால் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்த பையனாக அவன் காதாலேயே கேட்டது. அதற்கப்புறம் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு திரௌபதி, போதும், தம்பி படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த எபிசோடு வெளியாக ஒரு வாரம் இருந்தது. "அந்தப் பொண்ணு பாக்குற இடத்த வெட்டிடு" என்று செந்தமிழிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திங்கள் சொல்லலாம் என்று நினைத்தான், புதன் சொல்லலாம் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை செந்தமிழே போன் பண்ணி, "எடிட் பண்ணும்போது மறுபடியும் சிரிச்சேன்டா, உன் பார்ட்டுதான் டாப்பு" என்றான். தேவாவுக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. வெட்டச் சொல்லவில்லை. இதை யார் கேட்கப்போகிறார்கள், அளத்துப் பக்கம் எவனுக்குக் காமிக்ஸ் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை அவன் எழுந்தபோது திரௌபதி போயிருந்தாள். சோற்று டப்பா மட்டும் அடுப்பு மேடையில் இருந்தது. அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. இன்று ஏதோ அவசரமாகக் கிளம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு பைக்கில் போனான். ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கினான். பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்தது. தூரத்தில் ஏழெட்டுப் பெண்கள் பலகையோடு நின்றிருந்தார்கள். வாரவில்லை, சும்மா நின்றிருந்தார்கள்.

அப்போது அவனுக்கு ஒரு குரல் கேட்டது. "டிரெஸ் டிசைன் கேளுங்க. புடவை. அதுமேல யாரோ ஒரு ஆம்பளையோட முழுக்கைச் சட்டை."

தேவாவுக்கு முதலில் புரியவில்லை. அவனுடைய குரல்தான். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அந்தப் பெண்கள் வேலை செய்யும்போது போனில் பாட்டு போட்டு வாளிக்குள் வைத்துவிடுவார்கள், சத்தம் பெரிசாகக் கேட்கும். தடுக்க ஒரு மரம்கூட இல்லாத வெளியில் அது அளம் முழுக்கப் போகும். என்றோ ஒருநாள் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை ஏறட்டும் என்று அக்காவின் போனிலும் தட்டிவிட்டு மறந்துபோயிருந்தான். அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தம்பி பேசுவதை வாளிக்குள் வைத்துக் கூட இருப்பவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்று அவசரமாகக் கிளம்பியதும் அதற்குத்தான்.

நேராகப் பாத்தியைத் தாண்டி ஓடினால் வாளியை எட்டிப் பிடித்துவிடலாம். ஆனால் உப்பு பூத்த பாத்தியில் கண்ட கால் படக்கூடாது. மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய தரை. செருப்புக் கால் பட்டால் சேறு கிளம்பி அந்தப் பாத்தி உப்பு பழுப்படித்துப் போகும், அத்தனை பேர் உழைப்பும் வீண். அளத்தில் வளர்ந்த குழந்தைக்கும் இது தெரியும். தேவா வரப்போடு சுற்றி ஓடினான். ஓட ஓட அவன் குரல் கூடவே வந்தது.

சாக்கு நூல் வந்ததும் பெண்கள் எல்லாரும் சட்டென்று திரௌபதி பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி குலுங்கிச் சிரித்தாள். திரௌபதியும் சிரித்தாள். நூல் கட்டிய பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ரிவர்ஸ் கியருக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். வாளிக்குள்ளிருந்து இலக்கியாவின் குரல், அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்துச்சு என்று கேட்டது. திரௌபதி கையைத் தூக்கி மற்றவர்களை அடக்கினாள். வாளிப் பக்கம் குனிந்தாள்.

வெள்ளைக்காரன் மொபெட்டில் போனான். அவள் கை அப்படியே நின்றது.

அடுத்து பெண் பார்க்கிற கதை வந்தது. அந்த வெற்றிலை வாய்க் குரல் அளம் முழுக்கக் கேட்டது. சிரித்தது வாளிக்குள் இருந்த மூன்று பேர்தான். வெளியே யாரும் சிரிக்கவில்லை. தேவா மூச்சிரைக்க வந்து நின்றபோது திரௌபதி போனை எடுத்து அணைத்திருந்தாள்.

"சோத்த எடுத்துட்டு வந்தியா?" என்றாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள். "நீ சாப்ட்டியா?"

"அக்கா" என்றான்.

"வெயில் ஏறுது, கிளம்பு." கண்ணாடியைக் கழற்றி, சாக்கு நூலைச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறுங்கண்ணை இடுக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கிப் பலகையை இழுத்தாள். மற்ற பெண்கள் யாரும் தேவாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ரோட்டுக்கு வந்ததும் செந்தமிழுக்குப் போன் போட்டான். "அந்த எபிசோட எடுத்துடுடா."

"பைத்தியமா உனக்கு? காலைலேருந்து எத்தினி பேரு ஷேர் பண்றாங்க தெரியுமா?"

"அது எங்க அக்காடா."

"எது?"

"கூலிங் கிளாஸ் அக்கா."

ஸ்டுடியோ மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம் செந்தமிழ், "சால்ட் பிசினஸ்னு சொன்ன?" என்றான். "எடுத்துடறேன்" என்று செந்தமிழ் போனை வைத்துவிட்டான். மத்தியானம் இலக்கியாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நான் எவ்ளோ சிரிச்சிருக்கேன்னு இப்ப மறுபடியும் கேட்டுப் பாத்தேன். அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எங்களயும் சேத்து இதுல இழுத்து விட்டுட்டல்ல தேவா."

எபிசோடை எடுத்தார்கள். அதற்குள் அவன் பேசிய துண்டு மட்டும் கழன்று வாட்ஸ்அப்பில் ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. கடைக்கு வந்த ஒருவன் டெம்பர் கிளாஸ் ஒட்டக் கொடுத்துவிட்டு அதே போனில் அதையே போட்டுக் காட்டினான். "கேட்டியா, செம காமெடி" என்றான். தேவா தலையைக் குனிந்து கிளாஸை ஒட்டினான். குமிழி விழுந்துவிட்டது, இன்னொன்று எடுத்து ஒட்டினான்.

வீட்டில் திரௌபதி எப்போதும்போல இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. மீன் குழம்பு வைத்தாள், சட்டையை வெளுக்கப் போட்டுக் கொடுத்தாள், பைக்குக்குக் காற்று அடித்தாயா என்று கேட்டாள். கண்ணாடியை மட்டும் போடுவதில்லை. சாயங்காலமானால் கண் சிவந்து வழியும். ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே உட்காருவாள், அந்த முதல் வருஷத்தைப்போலவே. கண்ணில் படலம் ஆரம்பித்திருக்கிறது, வெறுங்கண்ணோடு உப்பில் நிற்கக்கூடாது என்று கண் முகாம் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இப்படியே போனால் அக்காவின் கண் போய்விடும். தன் வாயால் போய்விடும்.

பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தான். அவள் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில், முகாமில் கொடுத்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கண்ணு போயிடும்கா. போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டா எல்லாரும் அதையேதான் பாக்குறாங்க."

"நான் வேணா ஒரு எபிசோடு பண்றேன். உன்னப் பத்தி நல்லபடியா. நீ எப்படி என்னப் படிக்க வச்சன்னு எல்லாம் சொல்லி, மன்னிப்பு கேக்கறேன்."

துண்டைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "யாருகிட்ட கேக்கப் போற, எங்கிட்டயா மைக்குலயா?"

தேவா புதுக் கண்ணாடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"வேணாம்டா தம்பி. என்னப் பத்தி நல்லதாகூடப் பேச வேணாம்" என்று துண்டை மறுபடி கட்டிக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ குரலில் பேசுகிறவன், தன் வீட்டு அடுப்படியில் சொந்தக் குரல் எது என்று தெரியாமல் நின்றான்.

ஸ்டுடியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடுத்த ஞாயிறு அளத்துக்குப் போனான். யார் சொன்னால் அக்கா கேட்பாள் என்று யோசித்ததில் தனக்கோடி ஞாபகம் வந்தது. திரௌபதிக்கு அளத்தில் பலகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். கீற்று மூடிய உப்பு அம்பாரத்தின் நிழலில் பெண்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரௌபதி மட்டும் தள்ளிப் பாத்தியில் இருந்தாள். தேவா செருப்பைக் கழற்றிவிட்டுத் தனக்கோடியின் முன்னால் போய் நின்றான்.

"எக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு. கண்ணாடி போடச் சொல்லு. மூஞ்சி ரெண்டு கலருன்னு நான் சொன்னதுதான் அதுக்கு மனசுல நிக்குது."

தனக்கோடி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சி கலரா? அத நாங்க இங்க தெனமும் சொல்லிச் சிரிக்கிறதுதான்பா. எங்க எல்லா மூஞ்சியும் ரெண்டு கலருதான். அதுக்கா அவ கண்ணாடியக் கழட்டுனான்னு நெனைக்கிற?"

"பின்ன?"

"அந்தக் கண்ணாடி நீ வாங்கிக் குடுத்தது. அது எங்க எல்லாருக்கும் தெரியும். இத்தினி வருசமா புதுசா யாரு வேலைக்கு வந்தாலும் அவகிட்ட சொல்லுவா. எந்தம்பி ராட்டினம் ஏறாம வாங்கிக் குடுத்ததுன்னு. கால் ஒடிஞ்சப்ப நான்தான் நூலு குடுத்தேன், வேற வாங்கேன்டின்னா கேக்கல." தனக்கோடி குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு வாளில அந்தப் பொண்ணு கேட்டுச்சே, கண்ணாடி எங்கிருந்து வந்துச்சுன்னு. இவ கையத் தூக்குனா. எல்லாம் கம்முனு இருங்கடி, இப்ப சொல்லப்போறான் பாருங்கன்னா. அப்புறம் நீ எவனோ வெள்ளைக்காரன்ன."

அந்தத் தூக்கிய கை தேவாவின் கண் முன்னால் வந்தது. அன்று வரப்பில் ஓடி வரும்போது, அவமானம் தாங்காமல் மற்றவர்களை அடக்குகிறாள் என்று நினைத்திருந்தான். அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சாக்ஸைக் கிண்டல் செய்தபோதும், அப்பா சட்டையை எவனோ ஒருவனுடையது ஆக்கியபோதும் பொறுத்துக்கொண்டு, தம்பி இதோ சொல்லிவிடுவான் என்று அத்தனை பேருக்கு முன்னால் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நிற்கிற இடத்திலேயே உப்புபோல் கரைந்து போய்விடலாமா என்று இருந்தது அவனுக்கு.

வெறுங்காலோடு வரப்பில் நடந்து அவளிடம் போனான். உப்புக்கல் காலை அறுத்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பலகையை இழுத்துப் பின்னாடியே வந்துகொண்டிருந்தாள். வரப்பருகே வந்ததும்தான் அவனைப் பார்த்தாள். கண் இரண்டும் ரத்தமாக இருந்தது.

"தனக்கோடியக்கா ஏதாவது சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அதுக்கு வாய் சும்மா இருக்காது." பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "எனக்குதான்டா கூறு இல்ல. அப்ப நீ இம்மாந்தூண்டு. எத்தினியோ வருசம் ஆச்சு. அதெல்லாம் உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது. நாமதான் அதையே நெனச்சிக்கினு இருக்கறோம்."

தேவா தலையைக் குனிந்திருந்தான்.

"ஞாபகம் இருந்து நீ அப்படி சொல்லியிருந்தாதான் தப்பு" என்றாள் திரௌபதி. பிறகு, அவன் முகத்தை நேராகப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டாள். "உனக்கு ஞாபகம் இல்லல்ல?"

கடற்கரை ஞாபகம் இருந்தது. கழியில் குத்தி வைத்திருந்த கண்ணாடிகள் ஞாபகம் இருந்தன. அதை விற்றவனுக்கு ஒரு பல் இல்லாததுகூட ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம். சொன்னால் தன் மனசு கொஞ்சம் லேசாகும், அவள் அந்தக் கண்ணாடியை இனி ஆயுசுக்கும் தொடமாட்டாள். சிவந்து வழிகிற அந்தக் கண்களைப் பார்த்தான்.

"இல்லக்கா" என்றான். "சுத்தமா ஞாபகம் இல்ல."

திரௌபதி நீளமாக மூச்சு விட்டாள். "அதான் பாத்தேன்" என்றாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். சாக்கு நூலைப் பிரித்து, காதைச் சுற்றி இரண்டு இழு இழுத்து, கட்டிக்கொண்டாள். அவள் முகம் பழையபடி ஆனது. அளத்தை ஒருமுறை நிம்மதியாகச் சுற்றிப் பார்த்தாள்.

"மாசி மகம்டா அன்னிக்கு" என்று பலகையை இழுக்க ஆரம்பித்தாள். தம்பிக்குத் தெரியாத கதையைத் தம்பிக்கே சொல்லும் சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. "சாமியெல்லாம் கடலுக்கு வந்திருந்துச்சு. உங்கையில ராட்டினத்துக்குக் காசு குடுத்து அனுப்பினேன்."

"அப்படியா" என்றான் தேவா. வரப்பில் அவளுக்குச் சமமாக நடந்தான்.

"போனவன் இத வாங்கிக்கினு ஓடி வர்ற. ஏண்டா, ராட்டினம் ஏறலயாடான்னு கேட்டேன். அதுக்கு நீ இன்னா சொன்ன தெரியுமா?"

தல சுத்தும்கா என்பது அவன் வாய்வரை வந்தது. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு, "இன்னாக்கா சொன்னேன்?" என்று கேட்டான்.